ஏணியா, படியா

உக்காருங்க அம்மிணி, பையை எடுத்து மடியில வச்சுக்கறேன். மாத்துத் துணியும் ஒரு தேங்காயும்தான் இருக்குது, கனமில்லை. ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க, எனக்குக் காத்து ஆகாது. சேலத்துல இருந்து நின்னுட்டேவா வந்தீங்க? பாவம். விருத்தாசலம் தாண்டுனா கூட்டம் குறைஞ்சிரும்.

எங்க இறங்கறீங்க? மியூசியம் ஸ்டாப்பா? அந்தக் கப்பல் மியூசியத்துக்கா போறீங்க?

சரியாப் போச்சு போங்க. அதைப் பத்தி என்கிட்டக் கேளுங்க. எந்தக் கூடத்துல நங்கூரம், எந்தக் கூடத்துல சங்கு, செருப்பை எங்க கழட்டணும், பாத்ரூம் எந்தப் பக்கம், எல்லாம் எனக்கு அத்துபடி. ராசிபுரம் வட்டாரத்துல அந்த மியூசியத்தைப் பத்தி என்னளவுக்குத் தெரிஞ்ச ஆளு கிடையாது. உள்ள போனதில்லை. அது வேற விஷயம்.

நான் டீச்சருங்க. பேரு மங்கையர்க்கரசி, அரசி மிஸ்ஸுன்னாத்தான் எல்லாருக்கும் தெரியும். சமூக அறிவியல் எடுக்கறேன். பிரைவேட் ஸ்கூல்தான். பேரு வேண்டாம், பஸ்சுல நம்ம ஊர்க்காரங்க யாராச்சும் இருப்பாங்க. எங்க தாளாளர் சென்னியப்பன் ஐயா கோழிப்பண்ணை வச்சிருக்கறவரு. மொதல்ல பண்ணை, அப்பறம் முட்டை லாரி, அப்பறம்தான் ஸ்கூல். தங்கமான மனுசன். அவருக்கு ஒரே கொள்கைதாங்க. 'ஏத்துனது ஏத்துன மாதிரி இறங்கணும். ஒண்ணு கீறக் கூடாது.' முட்டைக்கும் இதைத்தான் சொல்லுவாரு, புள்ளைங்களுக்கும் இதைத்தான் சொல்லுவாரு. அதனாலயே எங்க ஸ்கூல் ஆரம்பிச்ச நாள்ல இருந்து டூருங்கறதே கிடையாது.

அப்படி இருந்தவரு போன ஐப்பசியில என்னைக் கூப்பிட்டு அனுப்புனாரு. என்னன்னா, எங்களுக்கு எதுத்தாப்புல இருக்கற ஸ்கூல்காரங்க புள்ளைங்களைக் கோளரங்கம் கூட்டிட்டுப் போய், பஸ் ஸ்டாண்டு வாசல்ல பேனர் வச்சுட்டாங்க. ஐயா மூணு நாளா சரியாச் சாப்பிடலையாம். 'அரசி மிஸ், அவன் வானத்துக்குப் போனா நாம கடலுக்குப் போவோம். ஆறாங் கிளாஸைக் கூட்டிட்டுப் போங்க. நீங்கதான் டூர் இன்சார்ஜ். நல்லபடியா முடிச்சுக் குடுங்க, வைஸ் பிரின்சிபால் சீட்டு சும்மாத்தானே கிடக்குது'ன்னாரு.

அந்தச் சீட்டு இருக்குதே, அது நிஜமாலுமே கிடக்குதுங்க. ஆபீஸ் ரூம்ல சுத்துற நாற்காலி, வாங்கி வச்சு பிளாஸ்டிக் கவரு கூடப் பிரிக்கல. இருபத்தி ரெண்டு வருசமா நின்னுட்டே பாடம் எடுத்திருக்கேன் அம்மிணி. எனக்கு முட்டி தேஞ்சு போச்சு. அந்த நாற்காலியில ஒரு தடவை உக்காந்து ஒரு சுத்து சுத்தணும்னு நினைச்சா அது பேராசையா? நீங்களே சொல்லுங்க.

அதனால நான் விளையாட்டா இறங்கல. மொதல்ல மியூசியத்துக்குப் போன் போட்டேன். கலியமூர்த்தின்னு ஒருத்தரு எடுத்தாரு, அவருதான் அங்க பொறுப்பாம்.

'சார், உங்க மியூசியத்துல தண்ணி இருக்குங்களா?'

'இருக்கும்மா, கேன் தண்ணி. புள்ளைங்க பாட்டில்ல கூடப் புடிச்சுக்கலாம்.'

'அதில்லீங்க சார். கடல் தண்ணி.'

'கடல் வெளியில இருக்கும்மா.'

'எவ்வளவு வெளியில?'

'ரோட்டுக்கு அந்தப் பக்கம், சவுக்குத் தோப்பு தாண்டி.'

'நடுவுல சுவரு இருக்குங்களா?'

அந்த மனுசன் 'கடலுக்கும் நமக்கும் நடுவுலயாம்மா?'ன்னு என்னையே திருப்பிக் கேட்டாரு. பாருங்க, எவ்வளவு அஜாக்கிரதை. ஒரு பொது இடத்தை நடத்தறவரு, சுவரு இருக்குதா இல்லையான்னு கேட்டா பதில் தெரியல. ஆனா பேச்சு இனிமையாப் பேசுனாரு. வாசல்லயே ஒரு நிஜக் கப்பலைக் கரையில ஏத்தி நிறுத்தியிருக்காங்களாம். புள்ளைங்க மேல ஏறி, சக்கரத்தைப் புடிச்சுத் திருப்பலாமாம். 'சும்மா கூட்டிட்டு வாங்கம்மா, புள்ளைங்க பாத்துக்கும்'னாரு. புள்ளைங்க பாத்துக்கறதா இருந்தா அப்பறம் நான் எதுக்கு?

ஒத்திகை ஆரம்பிச்சேன். கிரவுண்டுல சுண்ணாம்புல மியூசியத்தை வரைஞ்சோம். கூடம், வாசல், எல்லாம் அளவெடுத்து. கூண்டுக்குக் கட்டற நைலான் கயிறு பண்ணையில இருந்து வந்துச்சு. எல்லாப் புள்ளையும் வலது கையில கயிறு, இடது கை இடுப்புல. நான் விசில் அடிச்சா அடுத்த கூடம். தினமும் சாயங்காலம் பண்ணுனோம். மார்கழி வரைக்கும் பண்ணுனோம். கடைசியில எப்படி ஆச்சுன்னா, புள்ளைங்க கண்ணை மூடிட்டே மியூசியத்தைச் சுத்தி வந்துரும். நான் பெருமைக்குச் சொல்லல, வாட்ச்மேனைக் கேட்டாலும் சொல்லுவாரு.

டூர் கட்டுரையையும் முன்னாடியே டிக்டேட் பண்ணிட்டேன். போயிட்டு வந்து எழுதச் சொன்னா அதுங்க அதுங்களுக்குத் தோணுனதை எழுதி வைக்கும், திருத்தறவளுக்குத்தான் கஷ்டம். 'நாங்கள் கடல்சார் அருங்காட்சியகத்திற்குச் சென்றோம். அங்கிருந்த கப்பலில் ஏறினோம். அது எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.' அழகா இருக்குதில்ல? எல்லாரும் எழுதி, நானும் திருத்தி, மார்க்கும் போட்டாச்சு.

இங்கதான் அந்தப் புள்ள வர்றா. கனிஷ்கா. லாரி டிரைவர் பொண்ணு, ரெட்டைச் சடை, மொதல் பெஞ்சு. டிக்டேஷன் நடுவுல கையைத் தூக்குனா.

'மிஸ், கப்பல்ல ஏணி வழியா ஏறினோமா, படி வழியா ஏறினோமா?'

'ஏறினோம்னு எழுது, போதும்.'

'இல்லீங்க மிஸ். எங்கப்பா லாரிக்குப் படி இருக்குது. மொதப் படி எனக்கு எட்டாது, கைப்பிடியைப் புடிச்சுத் தொங்கி ஏறிருவேன். கப்பல் அதைவிட உசரமில்லீங்களா? அதுல எப்படி ஏறுவாங்க?'

'அதெல்லாம் பரீட்சைக்கு வராது. உக்காரு.'

உக்காந்தா. ஆனா விட்டாளா? மறுநாள் கேட்டா. அதுக்கு மறுநாளும் கேட்டா. ஒத்திகையில சுண்ணாம்புக் கப்பல்கிட்ட வந்தா அப்படியே நின்னுருவா. பின்னாடி வர்ற கயிறு முழுக்க அவ மேல வந்து மோதும். 'என்னடி?'ன்னா, 'எந்தப் பக்கம் ஏறுறதுன்னு போடலைங்க மிஸ்'ங்கறா. ஒரு புள்ளைக்கு இவ்வளவு ஆசை ஆகாதுன்னு எனக்கு அப்பவே தோணுச்சு.

எல்லாம் கூடி வர்ற நேரத்துல தர்ஷன்னு ஒரு பையனோட அம்மா வந்தாங்க. 'மிஸ், எம் பையனுக்குத் தண்ணியில கண்டம் இருக்குதுன்னு ஜாதகத்துல போட்டிருக்குது. நாங்க கிணத்துப் பக்கமே விடறதில்லை. கடலோரத்துக்கெல்லாம் அனுப்ப மாட்டோம்'னாங்க.

வேற டீச்சரா இருந்தா என்ன பண்ணியிருப்பா? அந்தப் பையனை விட்டுட்டு மத்ததுகளை ஏத்திட்டுப் போயிருப்பா. நான் அப்படி யோசிக்கல. இவனுக்கு இருக்குதுன்னா இன்னும் எத்தனை பேருக்கு இருக்குமோ, யாரு கண்டா? பொறுப்புன்னு ஒண்ணு இருக்குதில்ல? நேரா ஐயாகிட்டப் போனேன். 'எல்லாப் புள்ளைங்க ஜாதகத்தையும் ஒரு தடவை பாத்துரலாமுங்க'ன்னேன். ஐயா எந்திரிச்சே நின்னுட்டாரு. 'இந்த யோசனை எந்த ஸ்கூல்காரனுக்காவது வந்திருக்குமா மிஸ்?'னு கேட்டாரு. வந்திருக்காதுங்க.

பண்ணைக்கு வாஸ்து பாக்கற பரமகுரு ஜோசியரை வரவழைச்சோம். லைப்ரரியைத் திறந்து விட்டு, மின்விசிறிக்குக் கீழ மேசை போட்டுக் குடுத்தோம். சும்மா சொல்லக் கூடாது, நுணுக்கமாப் பாத்தாரு. கடகம், விருச்சிகம், மீனம்னா கேக்கவே வேண்டாம், நீர் ராசி. மத்த ராசிக்காரனுக்கு லக்னம் இடிக்கும். லக்னமும் சரியா இருந்தா திசை சரியிருக்காது. ஒரு பையனுக்கு ராசி, லக்னம், திசை மூணும் சுத்தம். விசாரிச்சா, அவங்க வீட்டுல போர்வெல் போட்ட வருசம் பொறந்திருக்கான். அதையும் கண்டுபுடிச்சாரு. ஜாதகமே இல்லாத ஆரோக்கிய டேவிட்டுக்குப் பேரை வச்சுப் பாத்தாரு. அவனுக்கும் இருந்துச்சு. நினைச்சுப் பாருங்க. இத்தனை கண்டத்தைக் கட்டிக்கிட்டு நான் பஸ் ஏற இருந்தேனே.

கடைசியா கனிஷ்காவோட அப்பன் வந்தாரு, மாதேஸ்வரன். நாக்பூருக்கு லோடு போயிருந்தவரு, விசயம் கேள்விப்பட்டு, திரும்பற வழியில மேட்டூருக்குப் போய் அவங்க குலதெய்வக் கோயில் பெரிய ஜோசியர் கணிச்ச ஜாதகத்தைக் கையோட வாங்கிட்டு வந்திருக்காரு. லாரியை ஸ்கூல் வாசல்லயே நிறுத்திட்டு, கையைக் காலைக் கழுவிட்டு, பயபக்தியா நீட்டுனாரு. 'நல்லாப் பாருங்க சாமி. என்ற புள்ளைக்குத் தண்ணி, நெருப்பு எதுலயும் ஒண்ணும் கிடையாது. அவ தாராளமா போலாமுங்க'ன்னாரு.

பரமகுரு வாங்கிப் பாத்தாரு. கண்ணுல ஒத்திக்கிட்டாரு. 'இது எங்க குருநாதர் கணிச்சது. இதுல நான் கை வைக்க முடியாது. பொண்ணு சுத்தம்'னுட்டாரு. மாதேஸ்வரனுக்கு வாயெல்லாம் பல்லு. வாசல்ல நின்னுட்டிருந்த கனிஷ்காகிட்ட, 'உனக்கு ஒண்ணுமில்லை கண்ணு, நீ போற'ன்னு சொல்லிட்டு லாரி ஏறுனாரு.

அப்பறம் மத்ததுகளுக்கு என்ன வழின்னு கேட்டோம். பரமகுரு சொன்னாரு, 'தண்ணியில கண்டம்னா தண்ணிகிட்டத்தான் போய் முறையிடணும். தை அமாவாசை விடியக்காலையில கடல்ல மூணு முங்கு. அப்பறம் மியூசியம் என்ன, அந்தக் கப்பலைத் தள்ளி விட்டு அதுலயே போகலாம்.'

ஐயாவுக்கு ரொம்பத் திருப்தி. பரிகார யாத்திரைன்னு அவரே பேரு வச்சாரு. பஸ்சுக்கு மஞ்சத் துணி கட்டியாச்சு. மியூசியத்துக்கு அனுப்ப மாட்டேன்னு சொன்ன தாய் தகப்பனெல்லாம் கடல்ல முக்கி எடுக்கறதுக்குச் சந்தோசமா அனுப்புனாங்க. ஏன்னா இது பாதுகாப்புக்காக.

அமாவாசைக்கு மொத நாள் மத்தியானம் கிளம்பறப்ப கனிஷ்கா எல்லாருக்கும் முன்னாடி வந்து நிக்கறா. புது ரிப்பன், தண்ணி பாட்டில், தூக்குப் போசியில புளிச்சோறு. அப்பனும் கூட நிக்கறாரு. நான் போய்ப் பக்குவமாச் சொன்னேன். 'மாதேஸ்வரன், இது கண்டம் இருக்கறவங்களுக்கான யாத்திரை. உங்க பொண்ணுக்குத்தான் இல்லையே.'

அவருக்குச் சட்டுனு புரியல. 'அவ நல்லா இருக்கறதுனால கூட்டிட்டுப் போகலைங்களா மிஸ்?'

'ஆமாங்க. சந்தோசப்படுங்க.'

அந்த மனுசன் என்ன பண்ணுனாரு தெரியுங்களா? எங்ககூட வர்றதுக்கு நின்னுட்டிருந்த பரமகுருகிட்ட நேராப் போனாரு. 'சாமி, என்ற புள்ளைக்கும் ஒரு கண்டம் எழுதிக் குடுங்க. சின்னதா இருந்தாக் கூடப் பரவால்ல'ங்கறாரு. பெத்த அப்பன் கேக்கற கேள்வியா அது? பரமகுரு காதைப் பொத்திக்கிட்டாரு. 'இல்லாததை எழுத மாட்டேன், தொழிலுக்குத் துரோகம்'னு சொல்லிட்டாரு. நானும் பஸ்சுல இடமில்லைன்னு சொல்லிட்டேன். இடம் இருந்துச்சு. ஆனா கண்டமில்லாத புள்ளையைக் கண்டக்காரங்களோட உக்கார வச்சு, அது ஒட்டிக்கிட்டா யாரு பொறுப்பு? அவ அழுகலைங்க. போசியைத் தூக்கிட்டு ஸ்கூலுக்குள்ள திரும்பிப் போனா. அழுதிருந்தா எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும். அதட்டவாவது முடிஞ்சிருக்கும்.

கடல்ல எல்லாம் முறைப்படி நடந்துச்சு. கயிறு புடிச்சுட்டே இறக்குனோம். தை மாசக் குளிரு, புள்ளைங்க பல்லு தாளம் போடுது. ரெண்டாவது முங்குல ஒரு பெரிய அலை வந்து பாதி வரிசையைச் சாய்ச்சிருச்சு. தர்ஷன் ரெண்டு மடக்கு குடிச்சுட்டான். நான் கரையில நின்னு விசிலடிக்கறேன், அலை தெறிச்சு விசில்லயும் தண்ணி. ஆளாளுக்கு முடியைப் புடிச்சு இழுத்துக் கரையில போட்டோம். 'பாத்தீங்களா, கண்டம் கழிஞ்சுது'ன்னாரு பரமகுரு. நான் அவரு கையைப் புடிச்சு நன்றி சொன்னேன்.

நடந்து வந்தா, பஸ்சை மியூசியம் வாசல்லதான் நிறுத்தியிருக்காரு டிரைவர். நிழலு இருக்குதுன்னு நிறுத்தியிருக்காரு. கேட்டுக்குள்ள கப்பலு நிக்குதுங்க அம்மிணி. பெருசு. நான் சுண்ணாம்புல போட்டதை விடப் பெருசு. அதோட பின்பக்கம்தான் எங்களுக்குத் தெரியுது. அந்தக் கலியமூர்த்தி ஓடி வர்றாரு. பஸ்சுல எழுதியிருக்கற ஸ்கூல் பேரைப் பாத்துட்டு, போன்ல பேசுன மிஸ்தான் புள்ளைங்களைக் கூட்டிட்டு வந்துட்டாங்கன்னு நினைச்சு, திறக்கற நேரத்துக்கு முன்னாடியே கேட்டைத் திறந்து, கை நிறையக் கடலை மிட்டாய் வச்சுட்டு நிக்கறாரு. 'வாங்கம்மா வாங்க, முன்னாடியே சொல்லியிருந்தா டீ போட்டு வச்சிருப்பேனே'ங்கறாரு.

நான் பரமகுருவைப் பாத்தேன். அவரு வேண்டாம்னு தலையை ஆட்டிட்டாரு. உங்களுக்கும் தெரியுமில்ல, பரிகாரம் முடிச்சா நேரா வீட்டுக்குத்தான் போகணும். வேற வாசப்படி மிதிக்கக் கூடாது. மிதிச்சா கழிஞ்சதெல்லாம் திரும்ப வந்து ஒட்டிக்கும். அவ்வளவு கஷ்டப்பட்டு முங்குனது வீணாப் போயிரும். 'இன்னொரு நாளைக்கு வர்றோம் சார்'னு சொல்லிட்டு, புள்ளைங்களையெல்லாம் தலையைக் குனிஞ்சுக்கச் சொன்னேன். கண்ணாடியைச் சாத்துனேன். பஸ்சு கிளம்பறப்ப அந்த மனுசன் மிட்டாயைக் கையில வச்சுட்டு அப்படியே நின்னாரு. கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்துச்சு. ஆனா என்ன பண்றது, விவரம் தெரியாதவருக்கு நடுரோட்டுல நின்னு விளக்க முடியுமா?

சாயங்காலம் ஸ்கூல் கேட்டுல கனிஷ்கா நிக்கறா. வீட்டுக்குப் போகாம நிக்கறா. பஸ்சுல இருந்து இறங்கற ஒவ்வொருத்தனையும் புடிச்சுக் கேக்கறா. 'ஏணியா, படியா?' ஒருத்தனுக்கும் தெரியல. தர்ஷன் மட்டும், 'கடலு உப்பா இருந்துச்சு'ன்னான். அது அவளுக்கே தெரியும், புஸ்தகத்துல இருக்குது.

சரி, கண்டம் கழிஞ்சுதே, மியூசியத்துக்குத் தேதி குறிக்கலாமான்னு நான் ஐயாவைக் கேட்டேனுங்க. கேக்கலைன்னு நினைச்சுராதீங்க. 'அதான் போயிட்டு வந்தாச்சே மிஸ்'னாரு. பேனரே அடிச்சு வந்துருச்சு. புள்ளைங்க வரிசையா நனைஞ்சு நிக்குது, பின்னாடி சவுக்குத் தோப்புக்கு மேல கப்பலோட வாலு. 'கடல்சார் கல்விச் சுற்றுலா'. எதுத்த ஸ்கூல் பேனரை விட ரெண்டடி அகலம். ஏத்துனது ஏத்துன மாதிரி இறங்குச்சு. ஆண்டு விழாவுல மேடையிலயே என் பேரை வைஸ் பிரின்சிபாலா அறிவிக்கறதுன்னு முடிவாச்சு. எனக்குப் போத்தறதுக்குப் பொன்னாடை கூட வாங்கியாச்சு, நான்தான் போய்க் கலரு பாத்து எடுத்தேன்.

அந்த ஆண்டு விழாவுலதான் கனிஷ்கா என் தலையில மண்ணைப் போட்டா.

விழாவுல டூர் கட்டுரையை ஒரு புள்ள மேடையேறி மனப்பாடமாச் சொல்லணும். கடல்ல முங்குனதுல அத்தனைக்கும் தொண்டை கட்டிக்கிச்சு. ஒண்ணைப் பேசச் சொன்னா தவளை கத்தற மாதிரி வருது. குரலு நல்லா இருந்தது கனிஷ்காவுக்கு மட்டும்தான். வேற வழி? அவளுக்கும் ஒரு வாய்ப்புக் குடுத்த மாதிரி இருக்கும்னு நல்ல எண்ணத்துலதான் ஏத்தி விட்டேன்.

நல்லாத்தான் சொன்னா. 'நாங்கள் கடல்சார் அருங்காட்சியகத்திற்குச் சென்றோம். அங்கிருந்த கப்பலில் ஏறினோம். அது எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.' ஒரு எழுத்துப் பிசகல. எல்லாரும் கை தட்டுனாங்க. சிறப்பு விருந்தினரா ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தாரு. நல்ல மாதிரி. வந்தமா மாலையைப் போட்டுக்கிட்டமான்னு போயிருக்கலாம். அவரு அவளைப் பக்கத்துல கூப்பிட்டு, மைக்கைப் புடிச்சுட்டே, 'கப்பல்ல ஏறுனியா பாப்பா? எப்படி இருந்துச்சு?'ன்னு கேட்டுட்டாரு.

அவ என்னைப் பாத்தா. நான் மேடை ஓரத்துல நின்னுட்டு ஆமான்னு தலையாட்டுனேன். நல்லாப் பெருசாவே ஆட்டுனேன்.

'இல்லீங்க சார்'னா. 'எனக்குத் தண்ணியில கண்டம் இல்லீங்க. கண்டம் இருக்கறவங்களைத்தான் கடலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க.'

அவருக்குக் காது சரியாக் கேக்கலையோன்னு சந்தேகம். 'கண்டம் இருக்கறவங்களையா?'

'ஆமாங்க சார். எனக்கு எந்த ஆபத்தும் இல்லைங்கறதுனால நீ இங்கயே இருன்னு சொல்லிட்டாங்க.'

மைக்குல எல்லாருக்கும் கேட்டுச்சு அம்மிணி. கடைசி வரிசை வரைக்கும். மொதல்ல யாரோ சிரிச்சாங்க, அதைப் பாத்து இன்னொருத்தரு, அப்பறம் ஷாமியானாவே சிரிச்சுது. எதுத்த ஸ்கூல் ஹெட்மாஸ்டரை மரியாதைக்குக் கூப்பிட்டிருந்தோம், அவரு கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாரு. பின்னாடி கம்பத்துகிட்ட நின்னுட்டிருந்த மாதேஸ்வரன் மட்டும் சிரிக்கல. புள்ளையையே பாத்துட்டு நின்னாரு.

ஐயா முகம் செத்துப் போச்சு. எனக்கு வாங்குன பொன்னாடையை எடுத்து அந்த அதிகாரிக்கே ரெண்டாவது தடவையாப் போத்திட்டாரு. நாற்காலி கவரோடயே கிடக்குது.

அவ பொய் சொன்னாளான்னா சொல்லல. அதான் எனக்கு ஆத்திரம். பொய் சொல்லியிருந்தா டி.சி. குடுத்து அனுப்பியிருக்கலாம். உண்மையைச் சொல்றதுக்கும் ஒரு நேரங்காலம் வேண்டாமா? நான் என்ன அந்தப் புள்ளைக்குக் கெடுதலா பண்ணுனேன்? தண்ணியில விழுகாம, வெயில்ல காயாம, வாட்ச்மேன் பக்கத்துல பத்திரமா உக்கார வச்சேன். அத்தனை பேருல கீறல் படாம இருந்தது அவ ஒருத்திதான்.

பரமகுருகிட்டப் போய் என் ஜாதகத்தை நீட்டுனேன். அவரு பாத்துட்டு உச்சு கொட்டுனாரு. 'உங்களுக்கும் தண்ணியில கண்டம் இருக்குது மிஸ். அன்னிக்குக் கரையில நின்னு விசிலடிச்சீங்களே தவிர, நீங்க முங்கலையே. அதான் பதவி தட்டிப் போகுது'ன்னாரு. உண்மைதானே, நான் முங்கல. எல்லாரையும் முக்கிவிட்டேன். அதான் இப்பக் கிளம்பி வந்துட்டிருக்கேன். நாளைக்கு மாசி அமாவாசை. கடைசி ஸ்டாப்புல இருக்கற சத்திரத்துல தங்கி, விடியக்காலையில மூணு முங்கு போட்டுட்டு, அடுத்த பஸ்சைப் புடிச்சிருவேன்.

சவுக்கு மரம் தெரிய ஆரம்பிச்சிருச்சு பாருங்க. உங்க ஸ்டாப்பு வரப் போகுது. கப்பலு இந்தப் பக்கத்துல இருந்து தெரியும், ஜன்னல்ல எட்டிப் பாருங்க. நான் பாக்கலை. போறப்பவும் நேரா போகணும், வர்றப்பவும் நேரா வரணும், நடுவுல வேற எதையும் மிதிக்கக் கூடாதுன்னு பரமகுரு கண்டிசனாச் சொல்லியிருக்காரு.

ஒரு நிமிசம் அம்மிணி. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா நினைச்சுக்காதீங்க.

நேத்து சாயங்காலம் லீவு எழுதிக் குடுத்துட்டு வர்றேன், அந்தக் கனிஷ்கா படிக்கட்டுல நின்னுட்டிருக்கா. விழாவுக்கு அப்பறம் நான் அவகிட்டப் பேசறதே இல்லை. பேரைக் கூடக் கூப்பிடறதில்லை, ரோல் நம்பர்தான். 'மிஸ், கடலுக்கா போறீங்க?'ன்னா. யாரு சொன்னாங்களோ. நானும் ஆமான்னேன். என் மேல கோவமா இருப்பான்னு நினைச்சேன். ஒண்ணுமில்லைங்க. 'அப்படின்னா அந்தக் கப்பலுக்கு ஏணியா படியான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்றீங்களா மிஸ்?'னு கேட்டா. நான் அதட்டலாம்னுதான் வாயெடுத்தேன். சரின்னு வந்துருச்சு. ஏன் சரின்னேன்னு எனக்கே தெரியல. ராத்திரியெல்லாம் தூக்கம் வரல.

நான் உள்ள போக முடியாது. போனா என் பரிகாரம் போச்சு, நாற்காலி போச்சு. நீங்கதான் எப்படியும் உள்ள போறீங்களே. இந்தாங்க, என் போன் நம்பரு, இந்த டிக்கெட்டுக்குப் பின்னாடியே எழுதிட்டேன். கலியமூர்த்தி சார் இருந்தா விசாரிச்சேன்னு சொல்லுங்க. பாத்துட்டு ஒரு போன் பண்ணுங்க. போட்டோ எடுத்து அனுப்பிராதீங்க, பாத்தா நான் உள்ள போன கணக்காயிரும். வாயால சொன்னாப் போதும். ஏணியா, படியா.

இறங்குங்க, ஸ்டாப்பு வந்துருச்சு. அம்மிணி, கீழ நின்னு பாத்துட்டு வந்துராதீங்க. ஏறிப் பாத்துட்டுச் சொல்லுங்க. நீங்க ஏறுனீங்களான்னுதான் அவ மொதல்ல கேப்பா.